இலக்கியா மழையை விழுங்கவில்லை

முதற்கண் மன்னிப்பு. பிள்ளை உறங்கிய பிறகு, நள்ளிரவும் தாண்டி எழுதிய தாள் இது. அவ்வளவு நேரங்கழித்து எழுதியதில் சில வரிகள் எனக்கே பிடிபடவில்லை. திக்கினால் பொறுத்தருளுங்கள்.

நடவுக்கு முன் கூடும் இந்த ஊர்க்கூட்டத்தின் தலைமை இருக்கையை அணிசெய்யும் ஊராட்சித் தலைவர் பெரியநாயகி அம்மையார் அவர்களே! கோமுகி நீரில் கரும்பும் நெல்லும் வளர்க்கும் பெரியோர்களே! நாற்று முடியைக் கையிலும் நாட்டு நடப்பை நாவிலும் ஏந்திய தாய்மார்களே! நடவு ஆட்களைக் கூட்டிச் செல்லும் செல்லியம்மாள் அத்தை அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பேச வந்தது ஒரு குற்றவாளியைப் பற்றி. பெயர் இலக்கியா. வயது நான்கு மாதம். என் மகள்.

ஆடி முதல் நாள் பிறந்தாள். அன்று நின்ற மழை ஆவணி முடிந்தும் வரவில்லை. எல்லோர் நாற்றும் கருகியது. ஊர் அவளுக்கு 'மழைமுழுங்கி' என்று பெயர் சூட்டியது. முதல் நடவன்று அவளை வரப்புப் பக்கமே தூக்கி வரக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு நான் நடவுக்கு வர முடியாது. நடவுக்கு வராமல் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. அதையாவது சமாளிப்பேன். அவள் வளர வளர அந்தப் பெயரும் கூடவே வளருமோ என்பதுதான் என் பயம்.

ஆகவே விசாரிப்போம். மழையை விழுங்கியது யார்?

கல்லூரியில் நான் புவியியல் படித்தேன். பசிபிக் என்றொரு பெருங்கடல். அங்கே வீசும் காற்று, சூடான மேல்நீரை வழக்கமாக ஆசியாவின் பக்கம் தள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் காற்று சோர்கிறது. சூடு கிழக்கே பரவுகிறது. மேகம் திரளும் இடமும் கூடவே நகர்கிறது. நமக்கு வரவேண்டிய தென்மேற்குப் பருவமழை தளர்கிறது. கல்வராயன் மலை காய்கிறது! கரியாலூர்ப் பக்கத்து அருவி கயிறாகிறது! கோமுகி அணை குட்டையாகிறது! இதற்கு எல் நினோ என்று பெயர்.

"அந்தக் கடலு எங்க இருக்குது, நம்ம ஏரி எங்க இருக்குது? இன்னாடி கதை உட்டுக்கினு இருக்கிற?" என்கிறார் அத்தை.

தூரம்தான் அத்தை, பல்லாயிரம் கிலோமீட்டர். ஆனால் கடல் பங்குனியிலேயே சூடேறத் தொடங்கிவிட்டது. அப்போது இவள் என் வயிற்றில் ஆறாம் மாதம். கடல்வரை கை நீட்டும் வசதி அங்கே இல்லை. பிறந்தபோது இவள் எடை இரண்டு கிலோ எண்ணூறு. அதில் ஒரு பருவமழையை எங்கே வைத்திருந்தாள்? ஆடி வந்துவிட்டது என்று வழக்கம்போல் நாற்று விட்டோமே, வானிலை அறிவிப்பை யார் கேட்டோம்? தள்ளிப் போட்டிருந்தால் விதையாவது மிஞ்சியிருக்கும். நாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

இருசப்பன் மாமா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் மாமா.

"ஐப்பசில அது குப்புற உழுந்த அன்னிக்கிதான மழ கொட்டுச்சி? அப்ப மழய கொண்டாந்ததும் அதுதான்! ராசியான பொண்ணு! வரப்புல நானே ஏணை கட்டி ஆட்டுறன், போ!"

கை தட்டுகிறீர்கள். நன்றி மாமா. ஆனால் வேண்டாம்.

ஆடி மழையைக் குறைக்கும் அதே கடல், நம் பக்கத்து ஐப்பசி மழையைக் கூட்டித் தருவதும் பலமுறை நடப்பதுதான். இவள் குப்புற விழுந்தது தலையணையைப் பிடிக்க. இன்று மழையைத் தந்தவள் என்பீர்கள். நாளை கடல் மீண்டும் சூடாகும். இரண்டு ஆண்டில் ஆகலாம், ஏழு ஆண்டிலும் ஆகலாம். அன்று பள்ளிப் பையோடு நிற்பவளிடம் மழை எங்கே என்று கேட்பீர்களா, மாட்டீர்களா?

பழியும் வேண்டாம்! பட்டமும் வேண்டாம்! மழையை அவள் நிறுத்தவில்லை! மழையை அவள் அழைக்கவில்லை! பால் குடித்தாள், அழுதாள், தூங்கினாள். நான்கு மாதத்தில் அவள் செய்தது இவ்வளவே! அவளை இலக்கியா என்று கூப்பிடுங்கள். அது போதும்!

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

வெள்ளிக்கிழமை முதல் நடவு. பிள்ளையோடு வரலாமா என்று சீக்கிரம் ஒரு பதில் சொல்லிவிடுங்கள், அத்தை.