பதினேழாவது கேள்வி

— அந்தப் பதினேழாவது கேள்விய எழுதினது யாரு அக்கா? அத மட்டும் சொல்லு, போதும்.

— வந்ததும் வராததுமா என்னடி இது? முதல்ல உக்காரு. லிஃப்ட் இருக்கும்போது படியேறி வந்தியா? மூச்சு வாங்குது பாரு. தண்ணி தரவா?

— தண்ணி வேணாம். நீதானே எழுதினே?

— உங்க ஆபீஸ்ல எடுத்த அந்த சர்வே மொத்தமும் நான் எழுதினதுதானே, உனக்குத் தெரியாதா? பொறு, நாற்காலியில ஃபைல் கிடக்கு, எடுத்துடறேன். போனை ஏன் மேஜையில கவுத்து வெக்கிறே?

— அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ கொஞ்சம் சத்தமா பேசு. ஆறு வருஷமா ஹெட்செட் மாட்டி மாட்டி இந்தக் காது போச்சு.

— சத்தமாவே பேசறேன், மகாராணி. ஆபீஸ்ல என்ன ஆச்சு?

— காலையில எங்க ஆம்புலன்ஸ் ஹால்ல போன் எடுக்கற ஒன்பது பேருக்கு லெட்டர் கொடுத்திருக்காங்க. உயிர் போற அழைப்புல வேணும்னே தாமதம் பண்ணினாங்களாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை, வேலை போனாலும் போகும். என் பக்கத்து சீட்டுல, 'கண்ணாடி'ன்னு கூப்பிடுவோமே, அவளுக்கு வந்திருக்கு. பெரிசுக்கு வந்திருக்கு, அந்த மனுஷன் ரிட்டயராக இன்னும் ஏழு மாசம்தான். வாயாடிக்கும் வந்திருக்கு, அவ மாசமா இருக்கா.

— ஐயோ பாவமே.

— பாவம்தான். அஞ்சு செகண்டுக்கு மேல சத்தமில்லாம இருந்த கால் எல்லாத்தையும் ரெக்கார்டிங்லேர்ந்து தோண்டி எடுத்திருக்காங்க. லைன எடுத்தாச்சு, ஆனா பேசல. இப்படி ஒண்ணு நடக்குதுன்னு மேலே யாருக்குமே தெரியாது. எங்க ஹால்லயே ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியாது. திடீர்னு எங்க தேடணும்னு எப்படித் தெரிஞ்சுது?

— பாப்பா, நான் சொல்றத கேளு...

— நீ கேளு. நாலு மாசம் முன்னாடி, ஞாயித்துக்கிழமை, உன் வீட்டுக் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே என்ன சொன்னேன்? 'அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க'ன்னு ஒரு பிள்ளை போன் பண்ணிச்சே, அன்னிலேர்ந்து எனக்குக் குரலே வரல. மணி அடிச்சா லைன எடுத்துடறேன், எடுக்கலன்னா போர்டுல சிவப்பு எரியும். எடுத்துட்டு மியூட்ல போட்டு மூணு மூச்சு விடறேன். அப்புறம்தான் 'சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க'ன்னு வாய் வருது. அந்த மூணு மூச்சுல அந்தப் பக்கம் யாருக்கு என்ன ஆகுதோன்னு பயமா இருக்குன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னே.

— அத அம்மாகிட்ட சொல்லல. கட்டினவர்கிட்ட சொல்லல. உன்கிட்ட சொன்னேன். நீ என் தலைய தடவிக்கிட்டே 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்'னு சொன்னே.

— உன் பேர எங்கயாச்சும் எழுதினேனா? சொல்லு. பழைய சர்வே எப்படி இருந்துது, ஞாபகம் இருக்கா? வேலை பிடிச்சிருக்கா, ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள வட்டம் போடு. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு நாலுல போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. சோர்வ அப்படியெல்லாம் அளக்க முடியாதுடி. களைப்பா இருக்கான்னு நேராக் கேட்டா எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான். என்ன செய்யறீங்கன்னு கேக்கணும்.

— அதத்தான் கேட்டே. நான் செய்யறத. 'லைனை எடுத்த பிறகு, பேசுவதற்கு முன், மியூட்டில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டது உண்டா?' படிச்சப்போ என் உள்பாவாடைய யாரோ நடுஹால்ல கொடி கட்டிக் காயப் போட்ட மாதிரி இருந்துது.

— அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமே நீ?

— கேக்கணும்னு தோணல. அக்கா ஏதோ நல்லதுக்குத்தான் பண்றான்னு நினைச்சேன், லூசு மாதிரி. பக்கத்து சீட்டு கண்ணாடி கேட்டா, 'ஏண்டி, இதுக்கு உண்மையப் போடலாமா?' 'போடு, எங்க அக்கா எழுதினது, பேரும் கிடையாது நம்பரும் கிடையாது, தைரியமா போடு'ன்னேன். அதோட விட்டேனா? ஒவ்வொரு சீட்டா போய்ச் சொன்னேன். பெரிசு பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு யோசிச்சுட்டு இருந்தாரு. அவர் தோள்ல தட்டி, 'போடுங்க சார்'னு சொன்னேன்.

— தப்பே இல்லடி அதுல. அந்தத் தாள்ல பேரு கிடையாதுதான். இப்பவும் அடிச்சு சொல்றேன்.

— எத்தனை பேரு 'உண்டு'ன்னு போட்டிருந்தோம்?

— அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது.

— என்கிட்டகூடவா?

— நாப்பதுல முப்பத்தோரு பேரு.

— எத்தனை? சரியா கேக்கல.

— முப்பத்தோரு பேரு! ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நீ ஒருத்திதான் இப்படின்னு நினைச்சு அழுதே, ஹாலே அப்படித்தான் இருந்திருக்கு. அறிக்கையில முதல் பக்கத்துலயே எழுதினேன், இன்னும் பன்னெண்டு பேர எடுங்க, மோசமான அழைப்பு வந்தா பத்து நிமிஷம் எழுந்து வெளியே போக விடுங்கன்னு. உங்க மேலாளர் அதையெல்லாம் புரட்டவே இல்ல. நேரா பதினேழாவது கேள்விக்குப் போயிட்டாரு.

— அந்தக் கேள்விய எதுக்கு வெச்சே?

— சோர்வ அளக்கத்தான். வேற எதுக்கு?

— சோம்பேறி யாருன்னு கண்டுபிடிக்க இல்லையே?

— சீ, என்ன பேச்சு பேசறே! அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

— நாளைக்கு விசாரணையில வந்து இத சொல்லு. ரெண்டே வார்த்தை. ரகசியம்னு சொல்லித்தான் வாங்கினோம், சோர்வ அளக்கத்தான் கேட்டோம், அவ்வளவுதான். ஒன்பது பேரும் பொழைச்சுப்பாங்க.

— அது... அது அவ்வளவு லேசு இல்ல பாப்பா. நீ ஏன் இதுல தலைய விடறே? உனக்குத்தான் லெட்டர் வரலையே.

— வரலையா?

— ம்?

— ஒன்பது பேருன்னு சொன்னேன். மூணு பேரத்தான் யாருன்னு சொன்னேன். மீதி ஆறுல நான் இல்லன்னு உனக்கு யாரு அக்கா சொன்னா?

— நான்... ஒரு ஊகம்தான்.

— அக்கா, என் முகத்தப் பாரு. சுவரப் பாக்காத.

— பத்து பேரு இருந்தீங்கடி லிஸ்ட்ல. ஏழாவது பேரு உன்னுது. போன வியாழக்கிழமை உங்க மேலாளர் கூப்பிட்டுக் காட்டினாரு. 'இவ என் கூடப்பொறந்தவ, இவள மட்டும் விட்டுடுங்க சார்'னு கெஞ்சினேன்.

— சும்மாவா விட்டாரு?

— ஒரு கடுதாசி கேட்டாரு.

— என்ன கடுதாசி? மேல சொல்லு.

— அந்தக் கேள்வி... கவனக்குறைவா வேலை பாக்கறவங்களக் கண்டுபிடிக்கறதுக்காகவே வெச்சதுன்னு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

— பொய்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான்! போதுமா? ஒன்பது பேரா நீயான்னு வந்தா நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கே கேட்டாலும் உன்னத்தான் காப்பாத்துவேன்.

— காப்பாத்தினியா? காலையில பாத்ரூம்ல நான் நுழைஞ்சதும் பேச்சு நின்னு போச்சு. வாயாடியே வாய மூடிக்கிட்டா, நினைச்சுப் பாரு. மத்தியானம் நான் டப்பாவத் திறந்ததும் நாலு பேரு தட்ட எடுத்துக்கிட்டு வேற மேஜைக்குப் போயிட்டாங்க. அவங்க ஒன்பது பேருக்கு லெட்டர், எனக்கு இல்ல. சர்வே எழுதினது என் அக்கா. போடுங்க போடுங்கன்னு சீட்டு சீட்டா போனது நான். காட்டிக் கொடுத்தவன்னு பெரிசு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாருக்கா. நான் அழவே இல்ல, அழுகை வரல.

— அழு, இங்க அழு. நான் இருக்கேன்.

— உன்கிட்ட இனிமே அழ மாட்டேன். பயமா இருக்கு. அதையும் எந்தக் கேள்வியா ஆக்கிடுவியோ.

— இப்படியெல்லாம் பேசாதடி, நெஞ்சு வலிக்குது.

— எனக்கும்தான். கடைசியா ஒரு தடவை கேக்கறேன். நாளைக்கு வருவியா?

— முடியாது. வந்தா இந்த வேலையில என் பேரு நாறிடும். இன்னும் நாலு இடத்துல இதே சர்வேய எடுக்கப் போறாங்க, எல்லாம் பேசி முடிஞ்சாச்சு. கொஞ்ச நாள் பொறு. அவங்க மறந்துடுவாங்க, நீயும் மறந்துடுவே. இப்ப பேசினது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான், சரியா? கண்ணத் தொடச்சுக்கோ. அந்த போனை எடுத்துப் பையில போடு, நானே கார்ல கொண்டுபோய் விடறேன்.

— அத எடுக்காதக்கா, லைன் கட்டாயிடும். கண்ணாடி வீட்ல ஒன்பது பேரும் உக்காந்து, அவங்க பக்கம் மியூட்ல போட்டுட்டு, நான் உள்ள வந்ததுலேர்ந்து கேட்டுட்டு இருக்காங்க.