மடியில் வந்த கம்ப்யூட்டர்

மயிலாப்பூரிலிருந்து தி. நகர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா, பொட்டியோட கெளம்பிட்ட?" என்றார் கண்டக்டர்.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்ணே. ஃப்ளாப்பில எடுத்துனு போனா, பிரஸ் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. பொண்ணு பேரே காணோம்."

"சரி பண்ண முடியாதா?"

"ஃபான்ட்டையும் ஏத்திப் பாத்தேன், ஒத்துக்கல. இந்தப் பொட்டில மட்டுந்தான் நல்லா தெரியுது. இன்னிக்கி அடிக்கலன்னா சொந்தக்காரங்களுக்கு நேரத்துல போய்ச் சேராது."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

கண்டக்டர் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டிரைவரண்ணே, பள்ளம் பாத்து ஓட்டு. மாப்ள மடியில பொண்ணு குந்திகினு வருது."