முந்திரி உடைச்ச கை

தீப்புண்ணு மருந்துல அந்தச் சின்ன டியூப் வேணாம் ஜான்சி. பெருசா ரெண்டு எடு. நெருப்பு இல்ல, முந்திரிக்கொட்ட எண்ணெ. உள்ளங்கை பூரா தோலு உரிஞ்சி கெடக்கு.

தண்ணியில வைக்கறதெல்லாம் எனக்குச் சொல்லாத. காடாம்புலியூருல பொறந்தவனுக்கு நீ பாடம் எடுக்கறியா?

ஏன் வூட்டுல உடைக்கறீங்கன்னா? போன வருசம் கொட்டையா, மூட்டையோட தூக்கிக் குடுத்தேன். இந்த வருசம் கப்பல்ல வெளிநாட்டுக் கொட்ட வந்து எறங்கிடுச்சாம். வெல பாதி. மருந்தடிச்ச காசு கூடத் தேறாது. பருப்பா குடுத்தா நாலு காசு ஜாஸ்தி வரும்னு உங்க அத்த இருசம்மா உக்காந்துட்டா. ஆறு மூட்டையில அஞ்ச முடிச்சிட்டா. வறுத்து, கட்டையால தட்டி, ஒண்ணொண்ணா. சாம்பலப் பூசிக்கிட்டுத்தான் உடைச்சா, அப்பவும் வெரலு மடங்கல. பத்து நாளா நாந்தான் சோறு ஊட்டறேன்.

காலையில தமிழ்மணி வந்தான். அதான், பருப்பு எடுக்கற புரோக்கரு. ஒரு பருப்பத் தூக்கி வெளிச்சத்துல பாத்தான். கருப்பு ஏறிக் கெடக்கு மாமா, குருணை வெலதான் போடுவேன்னான். சரி, வியாபாரி, அப்படித்தான் பேசுவான். பொறுத்துக்கிட்டேன். கெளம்பறப்ப சிரிச்சிக்கிட்டே சொல்றான், அடுத்த தடவ அத்தையக் கையக் கழுவிட்டு உடைக்கச் சொல்லு மாமாங்கறான்.

அவ ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள ஒளிச்சிக்கிட்டா ஜான்சி.

அப்புறம் என்ன. கட்டை பக்கத்துலயே கெடந்துச்சி. வாயில ஒண்ணு போட்டேன். ரெண்டு பல்லு பருப்பு மேலயே வுழுந்துச்சி. எழுந்திரிக்கப் பாத்தான், முட்டியில ஒண்ணு.

வேட்டியில இருக்கறது அவன் ரத்தந்தான். அத ஏன் பாக்கற, மருந்த எடு.

அவளுக்கு இல்ல. அவ கையிக்கு வேப்பெண்ணெ தடவியாச்சி. இது அவனுக்கு. மாட்டுக் கயித்துல காலக் கட்டி, மூட்டைக்கு முன்னால உக்கார வச்சிருக்கேன். சாம்பல் குடுக்கல. வெறுங்கையால உடைக்கறான். அவுத்து வுடுய்யான்னு வூட்டுக்காரி அழுவறா. அவளால அந்த முடிச்ச அவுக்க முடியாது. வெரலு மடங்கணுமே.

ஃபோனக் கீழ வை. ஸ்டேசனுக்கு நானே போயிக்கறேன், பொழுது இருக்கு. நீ சீக்கிரம் குடு. அவன் வெரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சின்னா, மிச்ச மூட்டைய எவன் உடைக்கறது?