பழைய சூளையின் பொட்டு

அழகான பொத்தானைத் தப்பாக அமுக்கிய மனிதன் உலக வரலாற்றிலேயே கிடையாது. இதை முழுமனதாக நம்பித்தான் இந்த வருடம், 2005இல், எங்கள் பீங்கான் கம்பெனி கம்ப்யூட்டருக்குத் திரையின் தோற்றத்தை மாற்றும் புதுத் தீம் செய்து போட்டேன்.

விருத்தாசலத்தில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டே அங்கே அரைநாள் வேலை பார்க்கிறேன். மின்சாரச் சூளைகள் இரண்டையும் கம்ப்யூட்டரில்தான் ஓட்டுவோம். திரையின் மேலே பெயர் எழுதிய இரண்டு டேப்: ஒன்று பழைய சூளைக்கு, மற்றது புதியதற்கு. என் தீமில் இரண்டும் ஈரக் கண்ணாடி போல மினுங்கின. மினுக்கத்தில் எழுத்து மட்டும் மறைந்துவிட்டது. சின்னக் குறைதான்.

சூளை ஓட்டுகிற கனகாக்காவுக்குப் பொறுமை போதாது.

“கோகுலு, எது பழசு, எது புதுசுன்னே தெரியலடா. பவுடர் அப்புன மாரி ரெண்டும் ஒண்ணா இருக்குது.”

சொன்னதோடு விடவில்லை. நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பழைய சூளையின் டேப் மேல் ஒட்டிவிட்டார். நான் சிரித்தேன். ‘கம்ப்யூட்டருக்கு நலங்கு’ என்று கல்லூரி விழாவில் நாடகமே போட்டேன். நல்ல கைதட்டல்.

பிறகு ஒருநாள், முதலாளி குருமூர்த்தி நிற்கும்போது, சூளை மெக்கானிக் கொளஞ்சியப்பன் அண்ணன் சொன்னார்: “மாப்ளைக்குக் கோட்டு சூட்டெல்லாம் போட்டுவுட்ட தம்பி, வாயத் தச்சுட்டியே.” எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி பழைய தோற்றத்தையே திரும்பப் போடச் சொன்னார். திங்கட்கிழமைக்குள்.

எனவே சனிக்கிழமை பொட்டை உரித்துப் பக்கத்து டேப்பில் ஒட்டினேன். இரண்டு அங்குலம் இருக்கும். பொட்டை நம்பினால் என்ன ஆகும் என்று காட்டவேண்டியிருந்தது. விஞ்ஞான நோக்கம்தான்.

பழைய சூளைக்குள் கையை விட்டுச் சுருள்கம்பி மாற்றிக்கொண்டிருந்த அண்ணன், “கனகா, புதுசப் போடும்மா,” என்று குரல் கொடுத்தார். அக்கா பொட்டு இருந்த டேப்பைக் கவனமாகத் தவிர்த்து, மற்றதைத் திறந்து அமுக்கினார். அண்ணன் பிடித்திருந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்தது.

அண்ணனின் வலது கையைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். “நாந்தான் அமுக்குனேன், நாந்தான்,” என்று அக்கா இன்னும் அழுகிறார். நான் மறுக்கவில்லை. உண்மைதானே.

அன்று சுருள்கம்பி மாற்றுவது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். காலையில் அதைக் கரும்பலகையில் எழுதியவனே நான்தான். என் கையெழுத்து அழகு.

போலீஸுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. இரண்டு எழுதினேன். ஒன்று இது. மற்றது, அக்காவின் கவனக்குறைவைப் பற்றியது, அதுதான் போகவேண்டும். இரண்டும் இப்போது என் திரையில் பக்கத்துப் பக்கத்து டேப்பில் மினுங்குகின்றன. தலைப்பு தெரியவில்லை.

தங்கையின் அட்டையிலிருந்து ஒரு பொட்டு எடுத்து, போகவேண்டியதன் மேல் ஒட்டியிருக்கிறேன்.