அண்ணிக்கு ஒரு காத்து, எனக்கு ஒரு காத்து

– பெட்டியை மூடாத அண்ணா. பதில் சொல்லிட்டு மூடு. பொண்டாட்டிக்கு ஒரு காத்து, கூடப்பிறந்தவளுக்கு ஒரு காத்தா?

– மெதுவா பேசு, தாயே. பக்கத்து ரூம்ல நடுவருங்க உக்காந்திருக்காங்க.

– கேக்கட்டும்! நூறு மீட்டரைப் பதினொண்ணு புள்ளி அஞ்சு ஆறு நொடில ஓடியிருக்கேன். அண்ணி பதினொண்ணு புள்ளி அஞ்சு எட்டு. அணியில மிச்சம் இருக்குறது ஒரே இடம். ஆறு மணிக்குப் பட்டியல்ல அவங்க பேர்தான் போகப்போகுது. ஏன்? காத்தை அளக்குற மகராசன் நீ எனக்குப் பின்காத்துன்னு எழுதிட்ட.

– நான் எழுதல, கருவி சொல்லுச்சு. பின்காத்து நொடிக்கு ரெண்டு மீட்டரைத் தாண்டினா அந்த ஓட்டம் தேர்வுக்குச் செல்லாது. உனக்கு ரெண்டு புள்ளி மூணு.

– காலைல அண்ணிக்கு மட்டும் மைனஸ் ரெண்டு புள்ளி நாலு! ‘எதிர்காத்தைக் கிழிச்சிட்டு ஓடுனாங்க’ன்னு மைக்ல புகழ்ச்சி வேற.

– காலைல ஒரு பக்கம் அடிச்சுது, மதியத்துக்கு மேல திரும்பிடுச்சு. காத்துக்கு நான் கடிவாளமா போட்டிருக்கேன்?

– புள்ளி மூணு அண்ணா. மூணே மூணு! கண்டும் காணாம விட்டா குடி முழுகிடுமா?

– முழுகிடும். கேளு. ஓடுறவளை பூமி கீழ இழுக்குது. ஒவ்வொரு அடிக்கும் நீ தரையை உதைச்சு உன்னையே மேல தூக்கிப் போடுற. அந்த இழுப்பு எட்டுத் தடத்துக்கும் ஒண்ணுதான், காலைலயும் சாயங்காலமும் ஒண்ணுதான். காத்து அப்படி இல்ல. ரெண்டு மீட்டர் காத்து முதுகுல தள்ளினா பத்துல ஒரு பங்கு நொடி சும்மா கெடைக்கும். மூஞ்சியில அடிச்சா, குடுத்ததைவிடக் கொஞ்சம் கூடவே புடுங்கிக்கும். அதனாலதான் அளக்குறோம்.

– பூமிக்கு இருக்குற நேர்மை உனக்கு இல்லன்னு சொல்லு. கல்யாணம் ஆன அன்னிக்கே தெரியும் எனக்கு...

– வாயை அடக்கு! அவளை இதுல இழுக்காத. தெனமும் விடியக்காலைல உன்னை எழுப்பி, உன்கூடவே ஓடுறவ அவ.

– அவங்களை இழுக்கல, உன்னைத்தான் இழுக்குறேன். எனக்கு எதிர்காத்து! ஓடும்போது மூஞ்சியில அறைஞ்சுது.

– அறையும். நொடிக்கு ஒன்பது மீட்டர் போற. இலை அசையாத நாள்லயும் அந்த ஒன்பது மீட்டர் காத்து உன் மூஞ்சியிலதான். ரெண்டு மீட்டர் பின்னால தள்ளினாலும் மிச்சம் ஏழு எதிர்லதான் இருக்கும். ஓடுறவ சாட்சி எடுபடாது.

– எதுக்கெடுத்தாலும் ஒரு கணக்கு! அப்போ ஓடுறதுக்கு முன்னால? குனிஞ்சு, ரெண்டு கையையும் கோட்டுல ஊணி இருக்கேன், கண்ணுல மண்ணு விழுது. தொடைக்கக்கூட முடியல, கையை எடுத்தா வெளிய அனுப்பிடுவாங்க. அது எந்தக் கணக்குல சேத்தி?

– குனிஞ்சு இருக்கும்போதா?

– காது அடைச்சிருக்கா?

– கத்தாத. துப்பாக்கி வெடிக்குறதுக்கு முன்னாலயா? நீ அசையாம இருந்தப்பவா?

– சிலை மாதிரி இருந்தப்ப.

– மண்ணு எங்கேருந்து வந்துச்சு?

– முடிவுக்கோட்டுப் பக்கத்துலேருந்து. பின்னாலேருந்து வர்ற மண்ணு வளைஞ்சு வந்தா கண்ணுல விழும்? பெரிய விஞ்ஞானி!

– மைதானத்து ஓரத்துல இருக்குற தண்ணித்தொட்டி உனக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?

– இப்போ தொட்டி ஒண்ணுதான் குறைச்சல்! முதுகுப் பக்கம்.

– தொட்டியைப் பாத்துதானே எப்பவும் ஓடுவீங்க?

– அது இந்தப் பக்கத் தடம். இங்க ரப்பர் பெயர்ந்து கெடக்குன்னு காலைலேருந்து எல்லா நூறு மீட்டரும் எதிர்ப்பக்கத் தடத்துலதான் நடக்குது. அங்க தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் ஓடணும். கருவியைத் தூக்கிட்டு நீயும்தானே வந்த?

– வந்தேன்.

– என்னடா அண்ணா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?

– கருவி மேல அம்புக்குறி இருக்கு பாரு. அது ஓடுற திசையைப் பாத்து நிக்கணும். ஆறு வருஷமா தொட்டியைப் பாத்து வச்சே பழக்கம். இன்னிக்கும்... கை தன்னால வச்சிடுச்சு.

– அப்படின்னா?

– எதிர்ல அடிக்குறதைப் பின்காத்துன்னு காட்டும். அந்த ரெண்டு புள்ளி மூணு உனக்கு எதிர்காத்து. உன் ஓட்டம் செல்லும்.

– அடப்பாவி! கிளம்பு. பக்கத்து ரூம்தானே, போய்ச் சொல்லு.

– சொன்னா யார் நம்புவா? தங்கச்சி பேர் போகலன்னதும் அண்ணன் அம்பைத் திருப்புறான்னு சிரிப்பாங்க. கருவியையும் கழட்டிப் பெட்டியில போட்டாச்சு. மணி அஞ்சரை.

– அண்ணியைக் கேளு. அதே தடம், அதே கருவி. அவங்களுக்கு நஷ்டம் தர்ற சாட்சியை அவங்களே சொன்னா நம்பித்தானே ஆகணும்?

– புரிஞ்சுதான் பேசுறியா? காத்து முதுகுல அடிச்சுதுன்னு சொன்னா, அவ பேரை அவளே அடிச்சுக்கணும்.

– என் பேரை நீ அடிச்சப்போ உன் கை நடுங்கலையே! போனைப் போடுறியா, நான் போடட்டுமா? எனக்கும் கேக்குற மாதிரி வை.

– ஹலோ. நான்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காலைல கோட்டுல கையை ஊணி அசையாம இருந்தியே, அப்போ காத்து உனக்கு எங்க அடிச்சுது?

– முதுகுலங்க. இதை நீங்க கேட்டுடக் கூடாதேன்னுதான் காலைலேருந்து உங்க கண்ணுல படாம இருக்கேன்.