ஃப்ராங்க்கா சொல்றேன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அக்காள், தங்கை என்று பேச்சிலேயே தெரிந்தது.

"கண்ணு டாக்டரு என்னைத் தனியா கூப்ட்டு, ஃப்ராங்க்கா சொல்றேம்மான்னாரு. அப்படின்னா இன்னாடி?" என்று அக்காள் கேட்டாள்.

"மறைக்காம சொல்றதுன்னு அர்த்தம்க்கா."

"அப்போ இத்தினி நாளா மறைச்சிக்கினு இருந்தாரா?"

தங்கை சிரிக்கவில்லை. "இன்னா சொன்னாரு?"

"உங்க மாமாவுக்கு இனிமே பார்வை திரும்பாதாம்."

பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்று கிளம்பியது.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"மூணு நாளு வாயே வரல. நேத்து சோறு போடும்போது சொல்லிட்டேன்."

"அழுதாரா?"

"இல்லடி. எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும், நீ அழுவியேன்னுதான் சொல்லலன்னாரு. அப்புறம் தட்டைத் தடவிப் பார்த்துட்டு, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னாரு."