பென்சிலில் இருந்த நாற்பது நிமிடம்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்பதால் காவல் துறைக்கு இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

பெயர்: கடைசியில் எழுதுகிறேன். வயது 53. இருப்பு திருவண்ணாமலை நகரம், வாடகை வீடு. படிப்பு எம்.எஸ்சி. புள்ளியியல். ஒரு வட்டாரத்தில் இறந்துபோகும் பச்சிளங்குழந்தைகளைப் பற்றியும் இறந்தே பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் ஆய்வுப் படிவம் நிரப்பித் தொகுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ராஜேந்திரன் இன்று எனக்கு மேலதிகாரி. அது எப்படி நடந்தது என்பது இந்த விவகாரத்துக்குத் தேவையில்லை என்றாலும் பதிவாக வேண்டும்.

ஒரு குழந்தை இறந்தால் தாயின் வீட்டுக்கே போய் விசாரித்து எழுத வேண்டும் என்பது உத்தரவு. காரணம் தெரிந்தால் அடுத்த குழந்தையைக் காப்பாற்றலாம் என்று போட்ட நல்ல உத்தரவுதான். எங்கள் அலுவலகத்தில் அந்தப் படிவத்தை முதலில் பென்சிலில் நிரப்புவோம். ஆய்வுக் கூட்டம் முடிந்த பிறகே பேனாவால் எழுதுவோம். அடித்தல் திருத்தல் கூடாது என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

சென்ற பங்குனிப் பௌர்ணமியன்று மாலை அடி அண்ணாமலையைச் சேர்ந்த மதிவதனி, வயது 23, என்பவருக்குப் பிரசவ வலி எடுத்தது. கிரிவலக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியவில்லை. அதன் பிறகு கிராம செவிலியர் கீர்த்தனா அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போலீஸ் போட்டிருந்த சாலைத் தடுப்பில் வண்டிக்கு பாஸ் இல்லை என்று நிறுத்தப்பட்டார்கள். 5.50க்கு ஆட்டோவிலேயே ஆண் குழந்தை பிறந்து அழுதது. அதன் பிறகு மூச்சுத் திணறியது. கீர்த்தனா கையில் ரத்தத்தோடு இறங்கிப்போய்க் கேட்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். 6.30க்குக் குழந்தை இறந்தது. அதன் பிறகு தடுப்பு திறந்தது. நேரம் கீர்த்தனாவின் கைக்கடிகாரப்படி.

ஒன்பதாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். பிறந்தவுடன் குழந்தை அழுததா என்பது படிவத்தில் உள்ள கேள்வி. மதிவதனி, "மூணு வாட்டி அழுதுச்சு சார். மூணாவது வாட்டி சத்தம் கம்மி" என்றார். உள்ளேயிருந்து மாமியார் பாஞ்சாலை, "வயித்துலயே சாகடிச்சிட்டு இப்ப அழுதுச்சுனு கத கட்டுறா. கேட்டு எழுத ஒரு ஆபீசரு வேற" என்றார். அதன் பிறகு மதிவதனி குரலைத் தாழ்த்தி, "அழுதுச்சுனு எழுதிக்குடுங்க சார். அந்தப் பேப்பர் ஒன்னு போதும், நான் இந்த வீட்ல இருந்துக்குவேன்" என்றார். பேசும்போது ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டார்.

உயிருடன் பிறந்தது, நாற்பது நிமிடம் என்று பென்சிலில் எழுதினேன். காரணம், தடுப்பில் தாமதம். பரிந்துரை, பௌர்ணமி நாட்களில் பிரசவ வண்டிக்கு பாஸ் கேட்கக் கூடாது.

அதன் பிறகு வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தில், ஆய்வுக் கூட்டம் நடந்தது. முடிந்ததும் ராஜேந்திரன் என்னை ஓரமாக அழைத்து, "இறந்து பொறந்துச்சுனு போட்ருங்கண்ணே. தடுப்பு மேட்டர் மேல போனா நமக்குத்தான் தலவலி" என்றார். அதன் பிறகு, "எம்.எஸ்சி. படிச்சவருக்கு, பென்சிலு பின்னாடி ரப்பர் எதுக்கு இருக்குதுனு நான் சொல்லணுமா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றே அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். மதிவதனிக்காக அல்ல. என்றாவது ராஜேந்திரனுக்கு எதிராகப் பயன்படும் என்று எடுத்தேன்.

இறந்து பிறந்தது என்று ஆனதால், வயிற்றில் குழந்தையின் அசைவு நின்றதைக் கவனிக்கவில்லை என்று கீர்த்தனாவுக்கு மெமோ வந்தது. மதிவதனி அலுவலகத்துக்கு வந்தபோது, இறந்து பிறந்ததற்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்று சொன்னவன் நான்தான். அவர், "நீங்க எழுதுனத பாத்தேனே சார்" என்றார். அதன் பிறகு அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுவாரம் என் மேசைக்கு இன்னொரு படிவம் வந்தது. வேறு பெண், அதே தடுப்பு, இருபத்தைந்து நிமிடம். பென்சிலில் இருந்தது. ராஜேந்திரன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, என் பங்கையும் குறைத்துச் சொல்லவில்லை. படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். ஆனால் கையெழுத்து இல்லாவிட்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மொட்டைக் கடிதங்களின் மேல் 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கோப்பில் வைத்த அனுபவம் எனக்கே உண்டு.

ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. ஆகவே பெயருக்கு விட்ட இடத்தை அப்படியே விட்டு, கையெழுத்துப் போடாமல், நாளைக் காலை இந்தத் தட்டச்சுத் தாளைத் தபாலில் சேர்க்கிறேன். ஜெராக்ஸை இணைக்கவில்லை. அது என் கையெழுத்தில் இருக்கிறது.